கண்ணாடியால் ஒட்டிய அடுப்பு

திட ஆக்சைடு எரிபொருள் கலத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் நடுவில் இருக்கிற சிர்கோனியா பீங்கானைப் பற்றித்தான் பேசுவாங்க. ஓரத்தில் ஒட்டுகிற கண்ணாடியை யாரும் கண்டுக்கிறதில்லை. ஆனால் இந்தத் துறையின் பாதி வரலாறு அந்த ஓரத்தில்தான் இருக்கு.

சூடான சிர்கோனியா மின்சாரம் கடத்தும் என்பதை 1890-களின் இறுதியிலேயே நெர்ன்ஸ்ட் தன் விளக்கில் பயன்படுத்திவிட்டார். 1937-இல் சூரிச்சில் பௌரும் பிரைஸும் அதே பொருளை வைத்து, சுமார் 1000 டிகிரியில் இயங்கும் எரிபொருள் கலம் செய்து காட்டினார்கள்.

சிக்கல் என்னன்னா, ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. ரெண்டும் கலந்தால் மின்சாரம் வராது, தீதான் வரும். அந்தச் சூட்டில் ரப்பர் நிற்காது. உலோகப் பற்றவைப்போ மின்சாரத்தைக் குறுக்கே கடத்திவிடும்.

வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டது: அடைப்பே வேண்டாம்! ஒரு முனை மூடிய பீங்கான் குழாய். மறுமுனையில் மிச்ச வாயுக்களைக் கலந்து எரித்துவிட்டார்கள். நெதர்லாந்தின் வெஸ்டர்வோர்ட்டில் இப்படியான 100 கிலோவாட் நிலையம் 16,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ஆனால் மின்சாரம் குழாயைச் சுற்றி நீண்ட வழி போகணும். அதனால் திறன் குறைவு, செலவும் அதிகம்.

தட்டையான கலங்களை அடுக்கினால் திறன் கூடும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் ஓரத்தை அடைக்கணும். இங்கேதான் கண்ணாடி வருகிறது. உருகி ஒட்டும், மின்சாரம் கடத்தாது. ஆனால் எல்லாக் கண்ணாடியும் உதவாது. சிர்கோனியா ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 10 பங்கு விரியும். ஆய்வகத்து போரோசிலிக்கேட் கண்ணாடி 3 பங்குதான். குளிரும்போது விரிசல் நிச்சயம்.

பேரியம் சேர்த்தால் விரிவு பொருந்தியது. அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் ஆய்வகம் உருவாக்கிய ஜி-18 அந்த வகைதான். உருகி ஒட்டிய பிறகு உள்ளே படிகங்கள் வளர்ந்து இறுகிவிடும்.

அதோடு முடியலை. பக்கத்து எஃகுத் தட்டில் உள்ள குரோமியமும் கண்ணாடியின் பேரியமும் காற்றுபடும் ஓரத்தில் சேர்ந்து பேரியம் குரோமேட் ஆகின்றன. அது கண்ணாடியைவிட மிக அதிகமாக விரியும் பொருள். சூடேறிக் குளிரும்போது ஒட்டு பிய்ந்துவிடும். அதாவது, விரிவைச் சரிசெய்யச் சேர்த்த பேரியமே விரிவால் கெடுத்தது!

அதன்பின் எஃகுக்கு அலுமினா பூச்சு, பேரியத்துக்குப் பதில் ஸ்ட்ரான்சியம், இறுகாமல் இளகியே இருந்து தன் விரிசலைத் தானே மூடிக்கொள்ளும் கண்ணாடி என்று பல வழிகள் வந்தன. இளகினால் வழியும், இறுகினால் உடையும். இந்த ரெண்டுக்கும் நடுவே 40,000 மணி நேரம் தாங்கணும் என்பதுதான் இலக்கு.