கனவைச் சான்றாக எழுதுதல்: மியோயேவின் கனவுக் குறிப்புகளும் பௌத்த அகத்தேடலும்

சிலப்பதிகாரத்தின் 'கனாத்திறம் உரைத்த காதை'யில் கண்ணகி தான் கண்ட கனவைத் தேவந்தியிடம் கூறுகிறாள். கனவு வரவிருப்பதை அறிவிக்கிறது. கண்டவள் செய்யத்தக்கது அங்கு அதிகமில்லை. ஜப்பானில் கமகுரா காலத்தில் வாழ்ந்த பௌத்தத் துறவி மியோயே (1173–1232) கனவை வேறொரு பணிக்கு உட்படுத்தினார். 1191இல், தம் 19ஆம் அகவையில் தொடங்கி, வாழ்வின் இறுதியாண்டுகள் வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் தாம் கண்ட கனவுகளை நாளிட்டு எழுதிவந்தார். 'யுமே நோ கி' (கனவுக் குறிப்பு) என வழங்கும் அவ்வேடுகளில் ஒரு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. எஞ்சிய அளவிலும், தனிமனிதர் ஒருவரின் கனவுகளை இத்துணை நீண்ட காலம் தொடர்ந்து பதிவுசெய்த பழைய ஆவணங்கள் உலக அளவில் மிக அரியவை.

இவ்வேட்டை எதிர்காலம் அறியும் நிமித்த நூலாகவோ, ஒருவர் தம் மனத்தை ஆராய்ந்த நாட்குறிப்பாகவோ கொள்வது எளிது. இரண்டும் முற்றிலும் பொருந்துவன அல்ல. புத்தரின் காலத்துக்கும் நாட்டுக்கும் வெகுதொலைவில் பிறந்துவிட்டதாக வருந்திய ஒருவர், தம் பயிற்சி உண்மையானதா என அறியத் திரட்டிய சான்றுகளின் தொகுதி அது என்பதும், அச்சான்றுகளை அவர் ஆராயாமல் ஏற்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பௌத்த மரபில் கனவின் இடம்

கனவு குறித்துப் பௌத்தம் ஒரே குரலில் பேசுவதில்லை. மாயாதேவியின் வெள்ளை யானைக் கனவு அனைவரும் அறிந்தது. ஞானம் பெறுமுன் போதிசத்துவர் கண்ட ஐந்து பெருங்கனவுகளை அங்குத்தர நிகாயம் கூறுகிறது. நிலம் படுக்கையாகவும் இமயம் தலையணையாகவும் அமைவது அவற்றுள் முதலாவது. ஆனால் அதே பாலி மரபின் மிலிந்தபஞ்ஹா கனவு காண்போரை ஆறு வகையாகப் பகுத்து, வாதம், பித்தம், கபம், தெய்வச் செயல், பழக்கம் ஆகியவற்றால் வரும் கனவுகளைத் தள்ளிவிட்டு, முன்குறியாக வருவதை மட்டுமே மெய்யென ஏற்கிறது. ஆறில் ஒன்றுக்கே மதிப்பு என்னும் இந்தக் கண்டிப்பு கருதத்தக்கது. விநயப் பிடகமோ கனவில் நேரும் விந்து வெளிப்பாட்டைக் குற்றத்திலிருந்து விலக்குகிறது; கனவு கண்டவன் அதற்குப் பொறுப்பாளி அல்லன்.

கிழக்காசிய மகாயானத்தில் கனவுக்கு வேறொரு தகுதி கிடைத்தது. ஆயிரம் லி தொலைவுக்குள் நெறி வழங்கத்தக்க ஆசிரியர் இல்லையெனில், புத்தர் உருவின் முன் தாமே நோன்புகளை ஏற்கலாம் எனச் சீன மொழியில் வழங்கும் பிரம்மஜால சூத்திரம் இடமளிக்கிறது. அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பாவமன்னிப்பு வழிபாட்டை இடைவிடாது நிகழ்த்தி 'நற்குறி' ஒன்றைக் காண வேண்டும். புத்தர் வந்து தலையைத் தடவுதல், ஒளி தோன்றல், மலர் தோன்றல் போன்றவை அக்குறிகள். அவை கனவிலும் தோன்றலாம் எனப் பின்வந்த மரபு ஏற்றது. மியோயே இறந்த நான்காம் ஆண்டில், 1236இல், நாராவில் எய்சோன் உள்ளிட்ட நால்வர் இம்முறையிலேயே தமக்குத் தாமே துறவு நெறி ஏற்றனர். ஆகவே ஆசிரியர் மரபு அறுந்துபோனதாகக் கருதப்பட்ட சூழலில், கனவு சமய வாழ்வின் தகுதிச் சான்றாக நிற்க முடிந்தது. ஜப்பானியர் 1052ஆம் ஆண்டிலேயே அறம் தேய்ந்த கடைக்காலம் தொடங்கிவிட்டதாகக் கணக்கிட்டிருந்தனர். மியோயேவின் தலைமுறை அக்கணக்கின் நிழலில் வளர்ந்தது.

தாயும் இந்தியாவும்

மியோயே கீ நாட்டில் பிறந்தார். 1180இன் தொடக்கத்தில் தாயையும் அதே ஆண்டில் போரில் தந்தையையும் இழந்தார். மறு ஆண்டு கியோத்தோவுக்கு வடமேற்கிலுள்ள தகாவோ மலையின் ஜிங்கோஜி மடத்தில் சேர்க்கப்பட்டார். மடத்துக்கு வந்த இரவில், தம்மை வளர்த்த செவிலியின் உடல் துண்டு துண்டாகக் கிடப்பதைக் கனவில் கண்டதாக அவர் வரலாறு கூறுகிறது. பிற்காலத்தில் அவர் வழிபாட்டுக்குரியவளாகத் தேர்ந்தது புத்தலோசனையை. புத்தர்கள் அனைவருக்கும் தாயெனப் போற்றப்படும் அத்தெய்வத்தின் வெண்ணிற ஓவியம் இன்றும் கோசான்ஜி மடத்தின் உடைமை. அதன் மேல் மியோயே தம் கையால் எழுதிய வரிகளில் தம்மைக் காதற்றவர் என்றும் அவளைத் தம் தாய் என்றும் குறிப்பிடுகிறார்.

காதற்றவர் என்பது உருவகம் அன்று. 1196இல் ஷிரகாமி மலையில் அந்த ஓவியத்தின் முன் அமர்ந்து தம் வலக்காதை அறுத்துக்கொண்டார். கண்ணை இழந்தால் மறைநூல் படிக்க இயலாது, கையை இழந்தால் முத்திரை பிடிக்க இயலாது, காதை இழந்தால் கேட்க முடியும் என எண்ணித் தேர்ந்ததாக வரலாறு கூறுகிறது. வெறிச்செயலுக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. அன்றிரவு கனவில் இந்தியத் துறவி ஒருவர் தோன்றி, போதிசத்துவர்கள் உடலைத் தியாகம் செய்தவற்றைக் குறித்து வைப்பவர் தாம் எனக் கூறி, இச்செயலையும் ஏட்டில் பதிந்தார். மறுநாள் அவதம்சக சூத்திரத்தை ஓதுகையில் சிங்கத்தின் மேல் மஞ்சுஸ்ரீ பொன்னொளியுடன் தோன்றினார். குருதி சிந்திய செயலை மெய்ப்பிக்க வந்தவர் கையில் ஏடும் எழுதுகோலும் இருந்தமை, கனவுகளை எழுதும் பழக்கத்தை ஏற்கெனவே தொடங்கிவிட்ட ஒருவருக்கு இயல்பானதே.

கனவில் வந்த அத்துறவி இந்தியர் என்பதும் தற்செயலன்று. மியோயே இந்தியாவுக்கு நடந்தே செல்லத் திட்டமிட்டவர். சீனத் தலைநகர் சாங்ஆனிலிருந்து இராசகிருகம் வரை நாளொன்றுக்கு இத்தனை தொலைவு நடந்தால் எத்தனையாம் ஆண்டில் சேரலாம் எனக் கணக்கிட்ட அவர் கையெழுத்துத் தாள் கிடைத்துள்ளது. 1203இல் கசுகா தெய்வம் உறவுப் பெண் ஒருத்தியின் மேல் வந்து தடுத்ததால் அப்பயணம் நின்றது; 1205இல் மீண்டும் எழுந்த திட்டமும் நோயால் கைவிடப்பட்டது. யுவாசா விரிகுடாத் தீவில் பொறுக்கிய கூழாங்கற்களை அவர் இறுதிவரை வைத்திருந்தார். இந்தியக் கரையைத் தொடும் நீரும் அத்தீவைத் தொடும் நீரும் ஒன்றே என்பது அவர் கொண்ட ஆறுதல்.

அவர் கற்ற கெகோன் நெறியின் மூலநூலான அவதம்சக சூத்திரத்தின் இறுதிப் பகுதி கண்டவியூகம். அதில் சுதனன் என்னும் இளைஞன் ஆசிரியர் பலரைத் தேடித் தென்திசை நோக்கி நடக்கிறான். அவன் சந்திப்பவர்களுள் மேகன் என்பவன் திராவிட நாட்டின் நகரொன்றில் வாழ்பவன். சிக்ஷானந்தரின் 80 சுருள் சீன மொழிபெயர்ப்பிலும் திராவிடம் என்னும் பெயர் ஒலிபெயர்ப்பாக நிற்கிறது. மியோயே பெரிதும் போற்றிய சுதனனின் பாதையில் இவ்வாறு தென்னகமும் அடங்குகிறது. நடந்து சேர முடியாத அந்நிலத்துக்கு மியோயேவிடம் எஞ்சிய வழிகள் தியானமும் கனவுமே.

ஏட்டின் இயல்பு

கனவுக் குறிப்புகள் ஒரே நூலாக எழுதப்பட்டவை அல்ல. சீன எழுத்தும் கதகனாவும் கலந்த விரைவுநடையில், கிடைத்த தாள்களில், சிலவிடத்துச் சிறு கோட்டோவியங்களுடன் எழுதப்பட்டவை. பல பதிவுகள் கனவோடு தொடங்குவதில்லை. எந்நாளில் எந்த வழிபாடு, எத்தனை வேளை, எதை வேண்டி நிகழ்த்தப்பட்டது என்பது முன் நிற்கிறது. கனவு அதன் பின் வருகிறது. சில கனவுகளின் முடிவில், எண்ணிப் பார்க்கையில் இதன் பொருள் இன்னது எனத் தொடங்கும் விளக்கம் உண்டு. பலவற்றுக்கு விளக்கமே இல்லை. விளங்காததை விளங்காததாகவே விட்டுவைத்த நேர்மை இந்த ஏட்டின் மதிப்பைப் பெரிதும் உயர்த்துகிறது.

அவர் எதையும் மறைக்கவும் இல்லை. 1211ஆம் ஆண்டின் இறுதியில் கண்ட ஒரு கனவில் உயர்குலப் பெண்ணொருத்தியைத் தழுவியதை எழுதி, அக்காட்சியைக் கெகோன் ஆசிரியர் ஃபாட்சாங்கின் உரையோடு பொருத்துகிறார். வாழ்நாள் முழுதும் பிரமசரியம் காத்தவர் எனப் புகழ்பெற்றவரின் ஏட்டில் இப்பதிவு அழிக்கப்படாமல் நிற்கிறது.

சுடுமண் பாவையின் கண்ணீர்

ஏட்டில் மிகுதியும் பேசப்படுவது 1220ஆம் ஆண்டு ஐந்தாம் மாதம் இருபதாம் நாள் கனவு. சீனத்திலிருந்து வந்த பீங்கான் கலன் ஒன்றை ஒருவர் தருகிறார். அதனுள் இருபதளவு பொருள்கள். அவற்றிடையே ஒரு சாண் உயரம்கூட இல்லாத பீங்கான் பெண் உருவம். தாய்நாட்டை விட்டு ஜப்பானுக்கு வர நேர்ந்ததற்காக அவள் வருந்துவதாக ஒருவர் கூறுகிறார். மியோயே அவளிடமே கேட்க, அவள் தலையசைக்கிறாள். தாம் பேணுவதாகக் கூறியும் அவள் தேறவில்லை. கண்ணீர் தோளை நனைக்கிறது. தாம் வெறும் மனிதரல்லர், இந்நாட்டில் மதிக்கப்படும் துறவி என அவர் எடுத்துரைத்த பின்னரே அவள் மகிழ்ந்து தன்னைக் காக்க வேண்டுகிறாள். அவர் இசைந்ததும் உள்ளங்கையிலேயே உயிருள்ள பெண்ணாகிறாள். பிறகு ஒருவர் இவள் பாம்போடு கூடியவள் எனப் பழிக்கிறார். மியோயே அதை ஏற்காமல், இவளுக்கே பாம்புடலும் உண்டு என நினைக்கையில் கனவு கலைகிறது.

விழித்தபின் அவர் எழுதிய விளக்கம் சுருக்கமானது: இவள் ஜென்மியோ, அவள் நாகமாதலின் பாம்புடல், கல்லாதலின் பீங்கானுடல். ஜென்மியோ என்பது ஷான்மியாவ் என்னும் சீனப் பெயரின் ஜப்பானிய ஒலிப்பு. சீனத்துக்குக் கல்வி பயில வந்த கொரியத் துறவி உய்சாங்கைக் காதலித்த அப்பெண், அவர் இசையாதபோது அவருக்குத் துணைநிற்க உறுதி பூண்டாள். அவர் கப்பலேறியதும் கடலில் குதித்து நாகமாகிக் கப்பலைத் தாங்கினாள். பின்னர் பெருங்கல்லாகி வானில் மிதந்து அவர் மடம் அமைவதற்குத் துணைபுரிந்தாள். 676இல் நிறுவப்பட்ட அந்த மடம் இன்றும் 'மிதக்கும் கல்' எனப் பொருள்படும் புசோக்சா என்னும் பெயரால் வழங்குகிறது. 988இல் சீனத்தில் தொகுக்கப்பட்ட துறவியர் வரலாற்று நூலில் இக்கதை இடம்பெற்றுள்ளது.

உய்சாங் அப்பெண்ணின் காதலுக்கு உருகாதவராகவே கதையில் நிற்கிறார். கனவில் மியோயே அழும் பாவையோடு பேரம்போலப் பேசுகிறார். பழிச்சொல் வந்தபோது அவள் பக்கம் நிற்கிறார். ஆசையையும் அதன் நாக வடிவத்தையும் விலக்காமல் காப்புத் தெய்வமாக ஏற்கும் மனநிலை இங்குத் தெரிகிறது. அடுத்த ஆண்டே, 1221இல், ஜோக்யூ போர் மூண்டது. முன்னாள் பேரரசர் கோ-தோபாவின் தரப்பு கமகுரா ஆட்சியிடம் தோற்றது. 1206இல் மியோயேவுக்குக் கோசான்ஜி நிலத்தை வழங்கியவர் அதே கோ-தோபா. தோற்ற தரப்பின் கைம்பெண்கள் அடைக்கலம் தேடி வந்தனர். அவர்களுக்காக 1223இல் அமைந்த பெண்துறவியர் மடம் ஜென்மியோவின் பெயரையே ஏற்று ஜென்மியோஜி ஆயிற்று. உய்சாங்கும் ஷான்மியாவும் இடம்பெறும் கெகோன் ஓவியச் சுருள்கள் மியோயேவின் மடச் சூழலில் உருவாயின. நாடு விட்டு வந்து அழுத பாவைக்குக் கனவில் அளித்த சொல், வீடிழந்த பெண்களுக்கான கட்டடமாக மாறியது. போருக்கு முன்பே கண்ட கனவாதலின் இதை முன்னறிவிப்பு என்று கூறும் விருப்பம் எழலாம். ஏட்டில் அவ்வாறான உரிமைகோரல் இல்லை. தம் கனவு தம்மிடம் கேட்டதை அவர் பின்னர் செய்தார் என்பதே வரலாற்று அளவில் கூறத்தக்கது.

சான்றைச் சோதித்தல்

யூங்கிய உளவியலாளர் ஹாயாவோ கவாய் 1987இல் வெளியிட்ட நூலால் மியோயே பரவலாக அறியப்பட்டார். தாயை இழந்த சிறுவன் தன் அகத்தின் பெண்மையோடு படிப்படியாக உறவு கொள்வதைக் கவாய் இக்கனவுகளில் காண்கிறார். செவிலியின் சிதைந்த உடலிலிருந்து உயிர்பெற்ற பாவை வரை நீளும் அக்கோடு வலுவானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் அவ்வாசிப்பில் வழிபாட்டுத் தலைப்புகள் பின்னணியாகச் சுருங்கிவிடுகின்றன. ஜார்ஜ் தனாபேவின் 1992ஆம் ஆண்டு ஆய்வு மியோயேவைக் கெகோன், ஷிங்கோன் மரபுகளின் காட்சித் தியானத்துக்குள் நிறுத்துகிறது. மியோயே கனவை வரட்டும் எனக் காத்திருக்கவில்லை. வேண்டினார், அதற்காக நாள் குறித்து வழிபட்டார் என்பதை விளக்க இவ்வாசிப்பே பொருந்துகிறது. 1220ஆம் ஆண்டுக் கோடையில், பாவைக் கனவுக்குப் பின், சீன அறிஞர் லி டோங்ஷுவானின் வழியில் புத்தவொளித் தியானம் பயின்றபோது, போதிசத்துவர் மூவர் நீட்டிய வைடூரியக் கோலைப் பற்றித் துஷித உலகம் ஏறித் தம் உடல் கண்ணாடிபோல் தெளிந்ததாக அவர் எழுதினார். இதை அவர் தனிமகிழ்ச்சிக்காக எழுதவில்லை. தியானமுறை செல்லுபடியாகும் என்பதற்கான சான்றாகவே நூலில் சேர்த்தார்.

ஷின்ரனோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அவரும் 1173இல் பிறந்தவர். 1201இல் கியோத்தோவின் ரொக்ககுதோ கோயிலில் நோன்பிருந்த 95ஆம் நாள் விடியலில் பெற்ற கனவுக்காட்சியைத் தொடர்ந்து ஹோனெனிடம் சென்றார். அதன்பின் பாதை மாறவில்லை. அங்கு ஒரு கனவு ஒரு முடிவைத் தந்தது. ஹோனெனின் கொள்கையை 1212இல் 'ஸாய்ஜாரின்' நூலில் கடுமையாக மறுத்த மியோயே, விழிப்புள்ளமாகிய போதிசித்தம் தேவையில்லை என்பதையே முதற்பிழையாகக் கண்டார். அன்றாட முயற்சியை விடாதவருக்கு ஒரு கனவு போதவில்லை. 40 ஆண்டுக் கனவுகள் தேவைப்பட்டன.

அவற்றால் தமக்குப் பெருமை சேர்வதையும் அவர் விரும்பவில்லை. தியானத்தில் இருந்தபடியே நீர்த்தொட்டியில் பூச்சி விழுந்திருப்பதைக் கூறி மீட்கச் சொன்னதாகவும், கண்ணுக்குத் தெரியாத தொலைவில் துன்புற்ற குருவிக்கு ஆளனுப்பியதாகவும் சீடர்கள் கதைகள் சொன்னார்கள். அவரைத் தெய்வப் பிறவி எனச் சிலர் பேசியபோது மியோயே கடிந்துகொண்டார். நெறிப்படி பயின்றால் இவை யாருக்கும் தாமே அமையும், தேடிப் பெற்றவை அல்ல என்றார். மிலிந்தபஞ்ஹா ஆறில் ஐந்தைத் தள்ளிய கண்டிப்பின் மற்றொரு வடிவமாக இதைக் கொள்ளலாம்.

ஏட்டின் பிற்கால நிலை ஆய்வாளருக்கு நடைமுறைச் சிக்கல் ஒன்றைத் தருகிறது. கோசான்ஜியில் தங்கிய பகுதிகள் தவிரப் பல தாள்கள் வெளியேறித் தனித்தனிச் சுருளாக ஒட்டப்பட்டுக் கலைப்பொருளாயின. மலைகளின் கோட்டோவியம் கொண்ட ஒரு பகுதி இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவ்வாறு பிரிந்த துண்டில் கனவு இருக்கும். அதற்கு முந்திய வழிபாட்டின் பெயரும் நாளும் வேறொருவர் சுவரில் தொங்கலாம், அல்லது மறைந்திருக்கலாம். ஒரு துண்டை மட்டும் படிப்பவருக்கு மியோயே கனவு கண்டவராகத் தெரிவார். எதைச் சோதிக்க அக்கனவை வேண்டினார் என்பது தெரியாது.