செவிலியர் கல்வியில் ஆராய்ச்சிப் பயிற்சி

செவிலியர் கல்வியில் ஆராய்ச்சிப் பயிற்சி என்பது ஆய்வு முறைகளையும் புள்ளியியலையும் கற்பித்து, மாணவர்களைச் சிறிய ஆய்வொன்றில் ஈடுபடுத்தும் பாடமாகும். இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் படிப்பில் இது கட்டாயப் பாடம். வெளிவரும் ஆய்வுகளைப் படித்து எடைபோடவும், நோயாளிப் பராமரிப்புக்கு உகந்தவற்றைக் கடைப்பிடிக்கவும் செவிலியரைப் பழக்குவது இதன் நோக்கம்.

வரலாறு

கிரிமியப் போரில் காயங்களைவிட நோய்களே படைவீரர் பலரைக் கொன்றன என்பதைப் புளோரன்ஸ் நைட்டிங்கேல் புள்ளிவிவர வரைபடங்களால் நிறுவினார். எனினும் செவிலியர் பள்ளிகளில் நெடுங்காலம் கைத்திறனுக்கே முதலிடம் இருந்தது. அமெரிக்காவில் 1952இல் ‘நர்சிங் ரிசர்ச்’ இதழ் தொடங்கியது. செவிலியம் ஆய்வை அடிப்படையாகக் கொண்ட தொழிலாக வேண்டும் என 1972இல் பிரிட்டனின் பிரிக்ஸ் குழு பரிந்துரைத்தது. இந்தியாவில் 1946இல் டெல்லியிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. முதுநிலைப் படிப்பு 1959இல் டெல்லியில் வந்தது.

பயிற்சி முறை

இளநிலை மாணவர்கள் பொதுவாகக் குழுவாக ஓர் ஆய்வைச் செய்வர், எம்.எஸ்சி. மாணவர் ஒவ்வொருவரும் தனி ஆய்வேடு அளிக்க வேண்டும். தலைப்பு முடிவானதும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்தல், வினாப்படிவம் தயாரித்து வல்லுநர்களிடம் சரிபார்த்தல், நெறிமுறைக் குழுவின் அனுமதி, முன்னோட்ட ஆய்வு, தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு என வேலை நகரும். 2021இல் அறிவிக்கப்பட்ட பருவமுறைப் பாடத்திட்டத்தில் இப்பாடம் ஏழாம் பருவத்தில் இடம்பெறுகிறது.

மாணவர் அனுபவம்

தொடக்கத்தில் பலருக்கும் அச்சம் தருவது புள்ளியியல். டி-சோதனை, கை-வர்க்கச் சோதனை ஆகியவற்றின் சூத்திரங்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு, கணக்கீட்டைப் புள்ளியியலாளரிடம் ஒப்படைப்போர் உண்டு. ஆங்கிலக் கட்டுரைகளின் நடையும், வார்டு பணிக்கிடையே கிடைக்கும் குறைந்த நேரமும் சுமையைக் கூட்டுகின்றன.

பாடம் உயிர்பெறுவது பெரும்பாலும் தரவு சேகரிப்பின்போதுதான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், ஆபரேஷனுக்கா என்று பதறுபவர் உண்டு. மகன் வரட்டும் என்பவரும் உண்டு. வினாப்படிவத்தை நீட்டினால், “நீங்களே பார்த்துப் போட்டுக்குங்க சிஸ்டர்” என்று பதில் வரும். மாணவரின் சீருடைக்கு மரியாதை காட்டவே நோயாளி எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ சொல்கிறாரோ என்ற ஐயம் எழும்போது, வகுப்பில் வெறும் வரையறையாக இருந்த ‘சார்புப் பிழை’ கண்முன் நிற்கிறது.

வரம்புகள்

சில வாரங்களில் முடிக்க வேண்டியிருப்பதால், ஒரே குழுவினரின் அறிவை அளந்து, பாடம் நடத்தி, மீண்டும் அளக்கும் ஆய்வுகள் மிகுதி. செலவு குறைவு, நெறிமுறைச் சிக்கலும் குறைவு. ஆனால் பாடம் கேட்டவுடன் மதிப்பெண் உயர்வது எதிர்பார்க்கக்கூடியதே. ஒப்பீட்டுக் குழு இல்லாதபோது அந்த உயர்வுக்குக் கற்பித்தல் மட்டுமே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நோயாளியின் பழக்கம் மாறியதா என்பதும் தெரியவராது. ஊசி போடும் இடத்தில் முன்கூட்டியே பனிக்கட்டி வைத்தால் வலி குறைகிறதா என்பது போன்ற, படுக்கையருகே எழும் கேள்விகளை எடுப்போர் நேரடிப் பயனைக் காண்கின்றனர். ஆயினும் வார்டின் நடைமுறையை மாற்றும் அதிகாரம் மாணவருக்கு இல்லை. எனவே ஆய்வின் பயன் நோயாளியைச் சென்றடைவது, அதை ஏற்றுச் செயல்படுத்த மருத்துவமனையின் செவிலியர் நிர்வாகம் முன்வருவதைப் பொறுத்தது.