கடியும் நஞ்சேற்றமும்

ஜொகூர் மாநிலத்துச் செடெனாக் போன்ற தோட்டப்புறங்களில் செம்பனைப் பழத்தை நாடி எலி வரும். எலியை நாடி நாகம் வரும். ஒருவரைப் பாம்பு தீண்டியதெனக் கேட்டால், “விஷம் ஏறிவிட்டதா?” என்று வினவுவது தமிழர் வழக்கம். இவ்வெளிய வினாவின் பொருளைக் குறிக்க ஆங்கில மருத்துவம் ஒரு தனிச்சொல்லை ஆக்கிக்கொள்ள நேர்ந்தது.

அச்சொல் ‘என்வெனமேஷன்’. ‘என்வெனமிங்’ என்பாரும் உளர். தேள் கொட்டினாலும், பாம்பு கடித்தாலும், கடலில் இழுதுமீன் தீண்டினாலும், நஞ்சு உடலுட் புகுந்து தொழிற்படுவதை அது குறிக்கும். அதன் வேர் ‘வெனேனம்’ என்னும் இலத்தீன் சொல். அது முதலில் வசியமருந்தைக் குறித்ததென்றும், காதல் தெய்வமாகிய வீனசின் பெயரும் அதுவும் ஒரு வேரின என்றும் சொல்லாய்வாளர் கருதுவர். வசியம் நஞ்சாய் முடிந்தது வியப்பன்று! பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்த அதன் வினைவடிவம் இடைக்காலத்திலேயே வழங்கியது. மருத்துவப் பெயர்ச்சொல்லோ மிகப் பிந்தியது. முன்பே இருந்த ‘பாய்சன்’ போதாதோ எனலாம். அது ‘பருகுவது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. உண்ட நஞ்சுக்கே வேரால் உரியது.

கடி வேறு, நஞ்சேறுதல் வேறு என்பதை நோயாளரை எண்ணிக் கணக்கிட்டுக் காட்டிய ஆய்வுகளுள் சிறந்தது மலாயாவில் நிகழ்ந்தது. 1952 முதல் 1964 வரை பினாங்கில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டேர் ரீட், பாம்பு கடித்து வந்தோரைத் தொடர்ந்து ஆராய்ந்தார். நச்சுப்பாம்பு கடித்தும், ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நஞ்சு சிறிதே ஏறியிருந்தது, அல்லது ஏறவேயில்லை. பல் பதிந்தும் பாம்பு நஞ்சைச் செலுத்தாது விடுவதுண்டு.

மந்திரித்து விஷம் இறக்குவோரின் புகழ் எங்கிருந்து வந்தது என்பது இதனால் விளங்கும். ஏறாத விஷத்தை இறக்குதல் எவர்க்கும் எளிது. ஏறிய விஷத்தோடு அவரிடம் காத்திருந்தவர்கள் இழந்தது, மாற்றுமருந்து பயன்படக்கூடிய பொழுதை. பிரான்சில் கால்மெத் 1890களிலேயே அம்மருந்தை உருவாக்கியிருந்தார்.

2017இல் உலகச் சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தபோதும், ‘பாம்புக்கடி’ என்பதோடு நில்லாது அப்புதுச் சொல்லையும் இணைத்தே எழுதியது. கலைச்சொல் ஆக்குவோர் தமிழில் அதனை ‘விஷக்கடி’ என்று பெயர்த்துவிட்டால் வேறுபாடே மறைந்துபோம். ‘நஞ்சேற்றம்’ என்பது பொருந்தும். ‘ஏறு’ என்னும் வினை முன்னரே மக்கள் வாயில் இருக்கிறது.