டக்கென்றா, திக்கித் திக்கியா?

தள்ளிக்கொண்டு வரப்படும் வண்டியைத் தொடுவதற்கு முன்பே பழைய மெக்கானிக்குகள் ஒன்று கேட்பார்கள்: "டக்குனு நின்னுச்சா, திக்கித் திக்கி நின்னுச்சா?" சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி நின்றிருந்தால் கரண்டில் கோளாறு. இழுவை குறைந்து, இரண்டு மூன்று தடவை திணறி, அப்புறம் நின்றிருந்தால் பெட்ரோலில் கோளாறு. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும். மோட்டார் சைக்கிளின் வரலாற்றில் பெரும்பகுதி, ஓடுகிற இன்ஜின் நிற்காமலிருக்க மனிதர்கள் பட்ட பாடுதான்.

1885இல் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் ஜெர்மனியில் உருவாக்கிய மரச்சட்ட வண்டியில் பிளக்கே கிடையாது. சிலிண்டரோடு சேர்ந்த ஒரு சிறு குழாயை வெளியிலிருந்து பர்னர் பழுக்கக் காய்ச்சும். அந்தச் சூட்டில் பெட்ரோல் கலவை பற்றிக்கொள்ளும். பர்னர் அணைந்தால் இன்ஜினும் அணையும். அந்த நவம்பரில் டைம்லரின் மகன் பவுல் அதை ஓட்டிப் போனபோது, இருக்கைக்குக் கீழேயே இருந்த குழாயின் சூட்டில் இருக்கை தீப்பிடித்ததாகச் சொல்வார்கள். நின்றுபோவதே மேல்.

அடுத்து பேட்டரியும் காயிலும் வந்தன. அந்தக் காலத்து பேட்டரி எவ்வளவு தூரம் உழைக்கும் என்பது ஓட்டுபவரின் அதிர்ஷ்டம். அதனால்தான் மேக்னெட்டோ வந்ததும் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்ஜின் சுற்றும் வரை அதுவே தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தயாரித்துக்கொள்ளும். 1902இல் ராபர்ட் போஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்டு உருவாக்கிய உயர் மின்னழுத்த மேக்னெட்டோவும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கும் இதில் பெரிய திருப்பம். அதே போஷின் தொடர்போடு 1951இல் பெங்களூரில் தொடங்கிய 'மைக்கோ' நிறுவனத்தின் பிளக், பிற்பாடு தென்னிந்தியாவின் மூலைமுடுக்குக் கடைகளிலெல்லாம் தொங்கியது.

நம் பக்கத்துக் கதை சூடுபிடிப்பது புல்லட்டில். 1950களின் முதல் பாதியில் எல்லைக் காவலுக்கென்று இந்திய அரசு 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்திலேயே முழு வண்டியும் இங்கே தயாராகிவிட்டது. இங்கிலாந்தில் என்ஃபீல்டு 1970இல் மூச்சை விட்ட பிறகும், அதே வார்ப்பிரும்பு இன்ஜின் சில சில்லறை மாற்றங்களோடு திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் வார்க்கப்பட்டது. ஒரே இன்ஜின், ஒரே கோளாறுகள். தந்தை கற்றுக்கொண்ட வைத்தியம் மகனுக்கும் அப்படியே பயன்பட்டது. புல்லட் மெக்கானிக் என்று ஒரு தனி இனம் உருவானதற்கு இந்த மாறாத்தன்மைதான் காரணம். நிறுவனத்துக்கு அது பலவீனமாக இருந்திருக்கலாம், தொழிலுக்கு அதுவே முதல்.

அந்த வண்டியின் ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு சின்ன ஆம்ப் மீட்டர் இருக்கும். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம். தெரிந்தவர்களுக்கு அது நாடி. இன்ஜின் நடுவழியில் நின்றுவிட்டதா? சாவியைப் போட்டு, டீகம்ப்ரஷரை அழுத்திக்கொண்டு, கிக்கரை மெதுவாகக் கீழே தள்ள வேண்டும். காயிலுக்கான கரண்டை விட்டுவிட்டு வெட்டும் பாயின்ட் மூடியிருக்கும்போது முள் கழித்தல் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். இப்படி ஆடினால் காயில் வரைக்கும் கரண்ட் போகிறது, பாயின்ட்டும் வேலை செய்கிறது. முள் அசையவே இல்லையென்றால் பியூஸ், பேட்டரி ஒயர், சாவி என்று பின்னோக்கித் தேடலாம், அல்லது பாயின்ட் முனை கருகியிருக்கலாம். சாய்ந்தது சாய்ந்தபடியே கிடந்தால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ ஒயர் பாடியைத் தொடுகிறது. டூல்ஸ் பையைத் திறப்பதற்கு முன்பே இவ்வளவும் தெரிந்துவிடும்.

பாயின்ட் இருப்பது சிலிண்டருக்குப் பின்னால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள். அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய அந்த இடைவெளி தானாகவே குறையும். ஒருநாள் திறப்பதே நின்றுவிடும். முனை கருகியிருந்தால் உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு இரண்டு இழுப்பு. ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் அட்டைத் துண்டை நுழைத்து இடைவெளி பார்த்தார்கள். புத்தகத்துக்கு ஆகாத முறைதான், ஆனால் வண்டி வீடு போய்ச் சேர்ந்தது.

பாயின்ட் முனை பொறி பறந்து கருகாமல் காக்கும் கன்டென்சர் வேறு ரகம். அது ஆளை ஏமாற்றும். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, நன்றாகச் சூடேறியதும் நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மெக்கானிக்கிடம் போய்ச் சேரும்போது கோளாறே இருக்காது! காயில் கெட்டாலும் இதே நாடகம்தான். பிளக்கைக் கழற்றி, அதன் உடம்பை ஹெட்டின் மேல் சாய்த்து வைத்து உதைத்துப் பார்ப்பார்கள். நீலமாகத் தடித்த பொறி வந்தால் சரி. மெலிந்து மஞ்சளாக வந்தால் கன்டென்சரை மாற்றிவிட்டுத்தான் மற்ற பேச்சு.

பெட்ரோல் பக்கத்திலும் ஓர் ஏமாற்றுக்காரன் உண்டு: டேங்க் மூடி. அதிலுள்ள ஊசித்துளை தூசியால் அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டருக்குப் போவது நின்றுவிடும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், வண்டி மறுபடி ஓடும். இந்த ஒரு காரணத்துக்காகக் கார்புரேட்டரைத் தேவையில்லாமல் பிரித்துப் போட்டவர்கள் ஏராளம்.

1961இல் மைசூரில் தயாரிக்கத் தொடங்கிய ஜாவாவும், 1973இல் அதன் வாரிசாக வந்த யெஸ்டியும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே கரி முடிபோல் வளர்ந்து பாலம் போட்டுவிடும். பொறி தாவாது, வண்டி நிற்கும். யெஸ்டிக்காரர்கள் டூல்ஸ் பையில் மாற்று பிளக்கும் பிளக் ஸ்பேனரும் இல்லாமல் ஊர் தாண்டியதில்லை.

1985இல் வந்த ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் பாயின்ட்டுக்குப் பதில் சிடிஐ எனும் எலக்ட்ரானிக் இக்னிஷன். தேய்வதற்கும் கருகுவதற்கும் அதில் ஒன்றுமில்லை; கெட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி அமலானதும் கார்புரேட்டரும் ஏறக்குறைய விடைபெற்றது. இப்போது பெட்ரோலை அனுப்புவதே மின்சார பம்ப் என்பதால், கரண்ட் கோளாறும் பெட்ரோல் கோளாறும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஒரு ரிலே போனால் இரண்டுமே போகும். சைடு ஸ்டாண்டின் சுவிட்சில் சேறு புகுந்தால்கூட நல்ல இன்ஜின் நின்றுவிடுகிறது. வண்டி நடுவழியில் நிற்பது இப்போது அபூர்வம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நின்றால் சாலையோரத்தில் செய்ய அதிகம் இல்லை என்பதும் உண்மை. ஸ்கேனரை மாட்டி எரர் கோடைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

பழைய வார்ப்பிரும்பு புல்லட் வைத்திருப்பவர்களில் பலர் பாயின்ட்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பூட்டிக்கொண்டார்கள். அவர்களில் விவரமானவர்கள் கழற்றிய பாயின்ட் தட்டையும் ஒரு கன்டென்சரையும் எண்ணெய்த் துணியில் சுற்றி டூல்ஸ் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்கள்.