பக்கத்து மேஜைக் குழந்தை

ஹோட்டலுக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. குழந்தை இல்லாத மேஜையாகப் பார்த்து உட்காருகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகைக்காரர் கல்யாணமான மூன்றே வருஷத்தில் முதல் வகையில் சேருவதும், பிள்ளைகள் தலையெடுத்ததும் மறுபடி இரண்டாம் வகைக்கே திரும்பிவிடுவதும் உலக வழக்கம்.

நான் இப்போது இருப்பது இரண்டாம் வகையில். அன்று காலை ரவா தோசைக்குச் சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் பிரித்தேன். பக்கத்து மேஜையில் ஒரு தம்பதியும் இரண்டு வயது மதிக்கத்தக்க பையனும் வந்து உட்கார்ந்தார்கள். பையன் எவர்சில்வர் டம்ளரை எடுத்து மேஜையில் தட்டினான். அந்த நாதம் அவனுக்குப் பிடித்துவிட்டது. மறுபடி தட்டினான். பிறகு கீழே போட்டான். அது இன்னும் நன்றாக இருந்தது போலும்.

"வேண்டாண்டா கண்ணா, எல்லாரும் பார்க்கறாங்க" என்றாள் தாய்.

உண்மைதான். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எதிர் மேஜையிலிருந்த கண்ணாடி போட்ட பெரியவர் சர்வரைக் கூப்பிட்டு, "ஏம்பா, உள்ளே வேறே இடம் இருக்கா?" என்று கேட்டார். இடம் தமக்கா, அந்தக் குடும்பத்துக்கா என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தாய்க்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் சுண்டிப் போயிற்று. இட்லியைப் பிட்டு அவசர அவசரமாகப் பையன் வாயில் ஊட்டத் தொடங்கினாள்.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஓர் ஆங்கில நாவலாசிரியரின் ஞாபகம் வந்தது. பக்கத்து மேஜைக் குழந்தையைப் பற்றி அவர் சொன்ன குறையைப் போல் மனம்விட்டுச் சொல்லப்பட்ட குறை வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

அந்தோணி டிரோலப் என்று அவருக்குப் பெயர். பிழைப்புக்குத் தபால் இலாகா உத்தியோகம். விடியற்காலையில் எழுந்து நாவல். தெரு ஓரத்தில் தபால் பெட்டி வைக்கும் வழக்கத்தை 1851-ல் பிரிட்டிஷ் தபால் இலாகாவுக்குச் சிபாரிசு செய்தவர் அவரே. 1861-ல் அவர் அமெரிக்காவுக்குப் பிரயாணம் போனார். அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். மறு வருஷம் வெளிவந்த தம் பிரயாண நூலில் அவர் போரைப் பற்றி எழுதினார். அடிமை முறையைப் பற்றி எழுதினார். ஹோட்டல்களில் அழுத குழந்தைகளைப் பற்றியும் எழுதினார்.

அக்காலத்து அமெரிக்க ஹோட்டல் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவருடைய வேதனை புரியும். அங்கே அறை வாடகையிலேயே சாப்பாடும் சேர்ந்தது. குறித்த வேளைக்கு மணி அடிக்கும். எல்லோரும் ஒரே கூடத்தில் கூட வேண்டும். வீடு வைத்துக் குடித்தனம் நடத்தாமல் ஹோட்டலிலேயே மாதக் கணக்கில் தங்கிய குடும்பங்கள் ஏராளம். ஆகையால் குழந்தைகளும் கூடத்துக்கு வந்தார்கள், வேண்டியதைக் கேட்டார்கள், கிடைக்காவிட்டால் அலறினார்கள். வேளைக்கு வேளை மாட்டிறைச்சியும் ஊறுகாயும் தின்றுவிட்டு அஜீரணத்தால் மணிக் கணக்கில் அழுகிறார்கள் என்று டிரோலப் பரிதாபப்படுகிறார். இங்கிலாந்துக் குழந்தைகளைப் போல் பாலும் ரொட்டியும் கொடுத்து, ஆறு மணிக்குப் படுக்கையில் போட்டு, எப்போதாவது இரண்டு அடியும் வைத்தால் சந்தோஷமாக இருக்கமாட்டார்களா என்பது அவருடைய கேள்வி.

அவர் மெச்சிய இங்கிலாந்து முறைதான் என்ன? வசதியுள்ள வீடுகளில் குழந்தைகளுக்கென்று மாடியில் தனி அறை. அங்கே ஆயாவுடன் சாப்பாடு. பெரியவர்களின் விருந்து முடிகிற தறுவாயில், தலை வாரிச் சட்டை மாற்றிக் குழந்தைகளைக் கீழே அழைத்து வருவார்கள். ஒரு பழம், ஒரு முத்தம், மறுபடி மாடி. நல்ல ஒழுங்குதான். விருந்தாளிகளுக்குப் பொறுமை என்ற ஒன்றே தேவைப்படவில்லை.

ஆனால் குழந்தையை ஒதுக்கி வை என்று சொன்ன இந்த மனிதரின் குழந்தைப் பருவத்தைப் பாருங்கள். 1827-ல் அவருக்குப் பன்னிரண்டு வயது. குடும்பம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. தாயார் வேறு சில குழந்தைகளை மட்டும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். பிறகு தகப்பனாரும் போனார். விடுதிப் பள்ளிக்கூடத்தில் பையன் தனியே நின்றான். கட்டணம் பாக்கி; ஆகவே இவனுக்குக் கடன் கொடுக்காதீர்கள் என்று கடைக்காரர்களுக்கு உத்தரவு. மற்றப் பிள்ளைகளுக்கு வாராவாரம் கிடைத்த ஒரு ஷில்லிங் கைச்செலவும் இவனுக்கு நின்றுபோயிற்று. கோபுரத்தின் உச்சிக்கு ஏறி எல்லாவற்றையும் முடித்துவிடலாமா என்று நினைத்ததைக்கூடத் தம் சுயசரிதையில் அவர் மறைக்கவில்லை. அந்த நூல் அவர் இறந்த மறு வருஷம், 1883-ல் வெளிவந்தது.

அழுகிற குழந்தை அவருக்கு ஏன் அத்தனை சங்கடமாக இருந்தது? ஒரு நாவலாசிரியனின் ஊகமாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அழுதபோது கேட்க ஆள் இல்லை. ஆகையால் அழுவது பயனற்ற காரியம் என்று அவர் சிறு வயதிலேயே கற்றிருக்கலாம். கேட்க ஆள் இருக்கும் என்ற நம்பிக்கையோடு ஹோட்டல் கூடத்தில் அலறிய அமெரிக்கக் குழந்தையை அவரால் எப்படிச் சகித்துக்கொள்ள முடியும்?

அந்த அமெரிக்காவும் எப்போதும் தாராளமாக இருந்துவிடவில்லை. பெரிய ஹோட்டல்கள் குழந்தைகளுக்கும் ஆயாக்களுக்கும் தனிச் சாப்பாட்டு அறை ஏற்படுத்தின. பெரியவர்களின் மேஜையில் குழந்தை உட்கார்ந்தால் முழுக் கட்டணம் என்று அச்சடித்தும் வைத்தன. சத்தத்துக்கு விலை போட்டார்கள் என்று சொல்லலாம்.

பிறகு ஒரு நாள் கதவு தானாகவே திறந்தது. திறந்தது அன்பு அல்ல, மதுவிலக்கு! மதுவிலக்கு என்றதும் 1937-ம் வருஷமும் சேலம் ஜில்லாவும் நம்மவர்களுக்கு ஞாபகம் வரும். அமெரிக்காவில் அது 1920 ஜனவரியில் அமலுக்கு வந்தது. மது விற்ற வருமானம் போனதும் ஹோட்டல் முதலாளிகள் புது வாடிக்கைக்காரர்களைத் தேடினார்கள். அதுவரையில் கண்ணில் படாத ஒரு கூட்டம் அப்போது கண்ணில் பட்டது. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல் 1921-ல் குழந்தைகளுக்கென்றே தனி உணவுப் பட்டியல் அச்சடித்தது. குடிகாரர் எழுந்து போன நாற்காலியில் குழந்தை உட்கார்ந்தது.

உட்கார்ந்ததே தவிர, வாய்க்கு ருசியாக எதுவும் கிடைக்கவில்லை. எம்மெட் ஹோல்ட் என்ற டாக்டர் 1894-ல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் அந்தக் காலத்துத் தாய்மார்களுக்கு வேதம். கேள்வியும் பதிலுமாக அமைந்த அந்த நூல் குழந்தைக்கு ஆகாதவை என்று ஒரு நீண்ட ஜாபிதா கொடுத்தது. ஆகவே பத்தியச் சாப்பாடுதான் குழந்தைப் பட்டியலில் ஏறியது. பெரியவர்கள் ஒன்றைச் சாப்பிட, குழந்தை வேறொன்றைச் சாப்பிட்டது. மாடி அறை போயிற்று, பத்தியம் வந்தது.

நம் ஊர் ஹோட்டல்களிலும் 'பேமிலி ரூம்' என்று ஒன்று இருந்தது. அரைக் கதவோ திரையோ போட்ட சிறு தடுப்பு. பெண்கள் பலர் பார்க்கச் சாப்பிடக் கூசிய காலத்தில் அவர்களுக்காக ஏற்பட்டது அது. கூடவே குழந்தையின் கூச்சலையும் அது மறைத்தது. இன்று பல இடங்களில் அந்தத் தடுப்பு மறைந்துவிட்டது. பெண்கள் கூடத்துக்கு வந்தார்கள். கூடவே குழந்தையும் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் கூடத்தில் இருப்பவர்கள் அதற்குத் தயாராக வேண்டுமல்லவா?

தயாராக மறுத்தால் என்ன ஆகும் என்பதைத் தென் கொரியாவில் பார்க்கலாம். அங்கே குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று பலகை மாட்டிய உணவு விடுதிகளும் காப்பிக் கடைகளும் தோன்றின. ஜெஜூ தீவில் இருந்த அத்தகைய விடுதி ஒன்றைப் பற்றி விசாரித்த அந்நாட்டு மனித உரிமை ஆணையம், வயதை வைத்துக் குழந்தைகளை ஒதுக்குவது பாரபட்சம் என்று 2017-ல் தீர்ப்புச் சொல்லிற்று. சிபாரிசுதானே தவிரக் கட்டளை அல்ல; பலகைகள் மறைந்துவிடவில்லை. அதே நாட்டில் 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை என்று கணக்கு. பலகையால்தான் குழந்தை குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு வீட்டு வாடகையிலிருந்து எத்தனையோ காரணங்கள். ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் மனம் கொஞ்சம் துணுக்குறுகிறது.

பாண்டியன் அறிவுடை நம்பி என்ற அரசன் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், பலர் கூடி உண்ணும் செல்வர் வீட்டில் ஒரு குழந்தை நெய்ச் சோற்றை அளைந்து மேலெல்லாம் பூசிக்கொள்கிறது. அரசன் முகம் சுளிக்கவில்லை. அந்தக் குழந்தை இல்லாவிட்டால் வாழ்நாளே வீண் என்கிறான். வள்ளுவரும் குழந்தை கை விட்டு அளைந்த கூழைப் புகழ்ந்தார். ஆனால் கவனியுங்கள். வள்ளுவர் சொன்னது தம் மக்களைத்தான். சொந்தக் குழந்தை கொட்டினால் அமிழ்தம். பக்கத்து மேஜைக் குழந்தை கொட்டினால்? அந்தக் குறளை யாராவது இனிமேல்தான் எழுத வேண்டும்.

டிரோலப் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கேட்டதையெல்லாம் கொடுத்து அலற விடுவது வளர்ப்பு ஆகாது. காசு கொடுத்துச் சாப்பிட வந்தவருக்குக் கொஞ்சம் அமைதி கேட்க உரிமை உண்டு. ஆனால் நாலு பேர் நடுவே சாப்பிடும் பழக்கத்தை நாலு பேர் நடுவே சாப்பிட்டுத்தானே கற்க முடியும்? மாடி அறையில் அதற்குப் பாடம் இல்லை. கற்கும் காலத்தில் சில டம்ளர்கள் விழத்தான் விழும்.

நான் இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கையில் டம்ளர் மூன்றாம் தடவை விழுந்து உருண்டு எதிர் மேஜைக்கு அடியில் போயிற்று. தாய் பதறி எழுந்தாள். அதற்குள் அந்தக் கண்ணாடிப் பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதை எடுத்தார். பையனைப் பார்த்தார். பையனும் அவரைப் பார்த்தான். அவர் டம்ளரால் தம் மேஜையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவன் கையில் கொடுத்தார். பையன் சிரித்தான்.

டம்ளர் என் காலடியை உரசிக்கொண்டுதான் உருண்டு போயிற்று. நான் பத்திரிகையை மடிக்கவில்லை.