மணல் கொல்லையும் மல்லாட்டையும்

என்கூட வேலை பார்க்கிற தஞ்சாவூர் நண்பன் ஒருத்தன் இருக்கான். காவிரி, வண்டல், முப்போகம்னு பெருமையெல்லாம் பேசி முடிச்சிட்டு, "உங்க திருவண்ணாமலைல கோயிலை விட்டா என்னப்பா இருக்கு?"ன்னான். மல்லாட்டை இருக்குன்னேன். "அப்படின்னா?"

வேர்க்கடலைங்க. மணிலாக்கொட்டைங்கிற பேருதான் எங்க பக்கத்து வாயில தேய்ஞ்சு மல்லாட்டை ஆயிடுச்சு. பிறந்தது தென் அமெரிக்கா, ஒட்டிக்கிட்ட பேரு மணிலா, செட்டில் ஆனது எங்க கொல்லை.

எங்க ஊர் வரலாறுன்னு யார் எழுத ஆரம்பிச்சாலும் கோயிலுக்குள்ள போயிடுவாங்க. வல்லாள மகாராஜா, கிருஷ்ணதேவராயர், ஆயிரங்கால் மண்டபம். கல்வெட்டுல நிலம் வந்தாலும் பெரும்பாலும் ஏரி, மதகு, நெல்லுன்னு நஞ்சைக் கதைதான். ஆனா ஊரைச் சுத்தி நடந்து பாருங்க. ஏரிக்குக் கீழே கழனி, மேலே கொல்லை. அந்தக் கொல்லை பூரா செம்மண்ணும் மணலும் கலந்த மண்ணு. பல இடத்துல ரெண்டு மூணு அடி தோண்டினா பாறை தட்டும். மழை பேஞ்சா சர்ருனு உள்ளே போயிடும், நிக்காது. இந்த மண்ணுக்குக் கதையே இல்லையா?

இருக்கு, கோயில் கல்வெட்டுல இல்லை, நடுகல்லுல. செங்கம் பக்கத்து நடுகற்களைத் தமிழக தொல்லியல் துறை 1972ல புத்தகமா போட்டாங்க. பல்லவர் காலத்துக் கல்லுங்க நிறைய. படிச்சா ஆநிரை கவர்றது, மீட்கப் போய் சாகுறது, இதேதான் திரும்பத் திரும்ப. எடுத்தனூர்ல ஒரு கல்லு, மகேந்திரவர்மன் காலத்தது. செத்த வீரனோட கோவிவன்னு அவன் நாயையும் செதுக்கி வச்சிருக்காங்க. ரெண்டு கள்ளனைக் கடிச்சு நின்ன நாயாம் (இதுக்கே தனியா ஒரு பதிவு போடலாம்). ஆக 1400 வருஷம் முன்னாடி இது மாட்டுக்காரங்க பூமி. அப்புறம் மானாவாரியா கம்பு, கேழ்வரகு, சாமை, கொள்ளு. வயித்துக்குப் போதும், காசு பார்க்க முடியாது.

காசு காட்டினது மார்சேய் சோப்பு!

பிரான்ஸ்ல மார்சேய் நகரத்து மில்லுங்களுக்கு எண்ணெய் வித்து தேவைப்பட்டுது. பிரெஞ்சுக்காரங்க கையில பாண்டிச்சேரி துறைமுகம் இருந்துது. பத்தொன்பதாம் நூற்றாண்டுல தென்னாற்காட்டு மணல் கொல்லைகள்ல கடலை பரவினதுக்கு இதான் காரணம். 1879ல பாண்டிச்சேரி–விழுப்புரம் ரயில் வந்துது. 1890கள் தொடக்கத்துல விழுப்புரத்துலருந்து திருவண்ணாமலை வழியா காட்பாடிக்கு லைன் போட்டாங்க. கோயிலுக்குக் கூட்டம் ஏத்தின அதே ரயில்தான் மூட்டையும் ஏத்திச்சு. (தென்னாற்காடா, எங்க ஊர் வடாற்காடு ஆச்சேன்னு கேட்பீங்க. 1911 வரைக்கும் திருவண்ணாமலை தாலுகா தென்னாற்காட்டுலதான் இருந்துது. 1906ல வந்த தென்னாற்காடு கெஜட்டியர்லதான் எங்க ஊரைத் தேடணும்.)

இந்தப் பயிரும் இந்த மண்ணும் ஒட்டினதுக்குக் காரணம் ரொம்ப எளிமை. கடலைப்பூ மேலே பூக்கும், காய் கீழே காய்க்கும். பூ முடிஞ்சதும் விழுது மண்ணுக்குள்ள இறங்கணும். களிமண்ணா இருந்தா காய்ஞ்சு இறுகிடும், விழுது இறங்கத் திணறும், பிடுங்கும்போது பாதிக் காய் உள்ளேயே அறுந்து நின்னுடும். மணல் கொல்லையில இழுத்தா கொத்தோட வரும். போதாததுக்கு வேர் முடிச்சுல இருக்கிற பாக்டீரியா காத்துலருந்து நைட்ரஜனைப் பிடிச்சுக் கொடுக்குது. நெல்லுக்கு ஆவாதுன்னு ஒதுக்கினதுக்கு எது காரணமோ அதேதான் இங்க பலம்.

உடனே எல்லாரும் பணக்காரங்க ஆயிட்டாங்கன்னு நினைச்சிடாதீங்க. வியாபாரி முன்பணம் கொடுத்து விளைச்சலைப் பிடிச்சிப்பான். தோல் சுலபமா உடையட்டும்னு காயைத் தண்ணியில நனைச்சு உடைப்பாங்க, பருப்பு சிக்குப் பிடிக்கும். அதனாலதான் செனகல்ல இருந்து தோலோட போன கடலை சாப்பாட்டு எண்ணெய்க்கும், நம்ம சரக்கு சோப்புக்கும் போச்சு. 1890கள் பிற்பகுதியில விதை நைஞ்சு, நோய் வந்து, சாகுபடியே படுத்துடுச்சு. ஆப்பிரிக்காவுலருந்து புது விதை வந்துதான் எழுந்துது. 1905ல பாலூர்ல விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வந்துது, அப்புறம் திண்டிவனத்துல எண்ணெய் வித்து ஆராய்ச்சி. டிஎம்வி 2ன்னு ஒரு ரகம் கேள்விப்பட்டிருப்பீங்க, டிஎம்விங்கிறது திண்டிவனம்தான். 1940ல வெளியிட்டாங்க. அதோட மூலம் குடியாத்தம் கொத்துக்கடலை, அதாவது நம்ம வடாற்காட்டுச் சரக்கு! 105 நாள்ல கைக்கு வந்துடும். இந்தியா முழுக்கப் பல வருஷம் ஓடிச்சு.

அடுத்து வந்தது பம்புசெட்டு. கிணறு ஆழமாச்சு, கொல்லையிலயும் நெல்லு நட்டாங்க. 1973-74ல கேம்பிரிட்ஜ், சென்னை ஆராய்ச்சியாளர்கள் வடாற்காட்டு கிராமங்கள்ல தங்கி இதை ஆராய்ஞ்சாங்க. 1977ல புத்தகம் வந்துது, தலைப்பு 'பசுமைப் புரட்சி?'. கேள்விக்குறியோட. தொகுத்தவர் பேரு ஃபார்மர், நிஜமாவே. அந்தக் கேள்விக்குறி சரிதான்னு எங்க ஊர்ல வறண்டு கிடக்கிற கிணறுங்களைப் பார்த்தாலே புரியும். பாறைக்கு நடுவுல ஊறுற தண்ணிக்கு ஒரு அளவு உண்டு இல்லையா. கிணறு வத்தினதும் பலபேர் பழையபடி ஆடியில மல்லாட்டைக்கே திரும்பிட்டாங்க.

இப்ப ஏன் இவ்வளவு தேடினேன்னா, எங்களுக்கும் ரெண்டு ஏக்கர் கொல்லை இருக்கு, கிரிவலப் பாதையைத் தாண்டி கொஞ்ச தூரத்துல. சுத்தி மூணு பக்கமும் மனைக் கல்லு நட்டாச்சு. புரோக்கர் ஒருத்தர் வந்து, "ஒன்னுத்துக்கும் ஆவாத மணல் கொல்லை சார், நல்ல விலை வருது"ன்னார். விலையை நான் மறுக்கலை, என் பல வருஷச் சம்பளம் அது. "ஒன்னுத்துக்கும் ஆவாத"ங்கிறதைத்தான் ஒத்துக்க முடியலை. ரோடு போட்டு மண்ணை ஒரு தடவை இறுக்கிட்டா விழுது இறங்காது. அதை அவர்கிட்ட எந்தக் கணக்குல சொல்றது?

அப்பா ஒன்னும் பேசலை. பெரியப்பாவும் அண்ணனும் விக்கலாம்ங்கிறாங்க. போன சீசன்ல ஆள் கூலி, விதை, மருந்து போக மிஞ்சினதை எழுதியே காட்டினாங்க, அந்தக் கணக்குல தப்பு இல்லை. கார்த்திகை தீபம் முடிஞ்சதும் உட்கார்ந்து பேசுறதா இருக்கோம். என் ஓட்டு வேணாம்ங்கிறதுக்கு. ஆனா பிடுங்குறதுக்கு நான் லீவு போட்டு வருவேனான்னு அண்ணன் கேட்கிறான்.