ஏலா, களைப்பு, உளைவு: மட்டக்களப்பு வாவிக்கரையின் சோர்வுச் சொற்கள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உடலும் மனமும் ஓய்ந்துபோவதைச் சொல்லப் பல சொற்கள் புழங்குகின்றன. கிழக்கே கடலை ஒட்டியது எழுவான்கரை. மேற்கே வயல்கள் விரிந்து கிடப்பது படுவான்கரை. இரு கரைகளிலும் தமிழரும் முஸ்லிம்களும் தமக்குள் சிறுசிறு வேறுபாடுகளோடு பேசும் கிளைமொழியில், இந்தச் சொற்களுள் தலைமை 'ஏலா' என்பதற்குத்தான். களைப்பு, அலுப்பு, உளைவு, வெறுப்பு எல்லாம் அதைச் சுற்றி நிற்பவை. தூங்கி எழுந்தால் தீரும் சோர்வையும் தீராத சோர்வையும் இச்சொற்கள் தனித்தனியே பிரித்து வைத்திருக்கின்றன.

'ஏலா' என்பது 'இயலாது' என்பதற்கு உறவு. ஈழத்துத் தமிழ் முழுவதிலும் 'ஏலாது' உண்டு. கிழக்கில் அது இன்னும் குறுகி ஒலிக்கிறது. ஆனாலும் பேச்சுத் தமிழ்க் கிளைமொழிகளுள் இலக்கிய வழக்குக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ் என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் கருதினார். 'எனக்கு ஏலா' என்றால் தெம்பில்லை என்றும் பொருள், மனமில்லை என்றும் பொருள். எது என்பது குரலில் இருக்கிறது. 'உடம்புக்கு ஏலா' என்றால் நோய். 'ஏலாத மனிசன்' என்றால் முதுமையாலோ நோயாலோ தளர்ந்தவர், அதில் இரக்கம் உண்டு. 'ஏலாவாளி' என்றால் திறனற்றவன், அதில் ஏளனம் மட்டுமே. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் 'என்னகா, உடம்புக்கு ஏலாமக் கிடக்கா?' என்று கேட்கும்போது, காய்ச்சலா கவலையா என்று அவள் பிரித்துக் கேட்கவில்லை. பதில் சொல்பவள் விரும்பியதைச் சொல்லலாம். தமிழ்நாட்டில் 'முடியல' செய்யும் வேலையை இங்கே 'ஏலா' செய்கிறது.

களைப்பு அப்படியல்ல. அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வேலை செய்திருக்க வேண்டும், வெயிலில் நடந்திருக்க வேண்டும். 'களைச்சுப் போச்சு' என்பவருக்குத் தண்ணீர் கொடுத்து நிழலில் இருத்தினால் விஷயம் முடிந்தது. உளைவு அதற்கு மறுநாள் வருவது. கால் உளையும், தோள் உளையும், நாரி உளையும். நாரி என்பது ஈழத்தில் இடுப்பின் பின்புறம். நாற்று நடுவோருக்கும் அரிவாளால் வெட்டுவோருக்கும் முதலில் தளர்வது அதுதான்.

இந்தச் சொற்கள் வயலில் விளைந்தவை என்று சொன்னால் மிகையாகாது. இங்கே 'வேளாண்மை' என்றாலே நெல்தான். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் நீரும் வடகீழ்ப் பருவமழையும் பெரும்போகத்தைத் தாங்குகின்றன. மாரியில் விதைத்ததை மாசி, பங்குனி வாக்கில் வெட்டுவார்கள். நிலவுடைமையாளரான போடியாருக்காக வயற்காரர் வட்டையிலேயே, அதாவது வயல்வெளியிலேயே, வாடி என்னும் குடிசை கட்டித் தங்கிய காலத்தில், வெட்டு முடிந்தும் வேலை முடியாது. சூடு மிதிக்க, அதாவது கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்க, மாடுகளின் பின்னால் இரவிரவாகச் சுற்ற வேண்டும். களத்தில் பாடிய பொலிப்பாட்டுக்குச் சடங்குப் பொருள் இருந்தது உண்மை. தூக்கத்தை விரட்டியதும் உண்மை. வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) இவ்வழக்காறுகளைப் பதிந்த நூல்களுள் முக்கியமானது. நீலாவணனின் 'வேளாண்மை'க் காவியமும் இதே வாழ்வைப் பாடுகிறது. இப்போது இயந்திரம் வெட்டுகிறது, இயந்திரமே அடிக்கிறது. நாரி உளைவு குறைந்தது. இயந்திர வாடகைக் கடனால் வரும் யோசனை கூடியது.

'யோசனை' என்பதை இங்கே கவனமாகப் படிக்க வேண்டும். ஈழத்தில் 'யோசிக்காத' என்றால் சிந்திக்காதே என்பதல்ல, கவலைப்படாதே என்று பொருள். அலுப்பும் உடம்பைவிட்டு வெளியே வந்துவிட்ட சொல். 'அலுப்புத் தராத' என்றால் தொந்தரவு செய்யாதே. அதற்கும் அப்பால் பைத்தியம் பிடித்தாற்போல் இருக்கிறது என்னும் 'விசராக் கிடக்கு', கடைசியில் 'வெறுத்துப் போச்சு'. இந்தக் கடைசிச் சொல் வந்தபின் யாரும் தண்ணீர் கொடுத்துச் சரிசெய்ய முயல்வதில்லை.

1978 நவம்பரில் சூறாவளி, பிறகு நீண்ட போர், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை. வாவிக்கரையின் சோர்வு வேலையால் மட்டும் வந்ததல்ல. போர்க்கால வடகிழக்கில் துயரம் பெரும்பாலும் உடல் முறைப்பாடாகவே மருத்துவரிடம் வந்ததை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். நெஞ்சு அடைக்கிறது, தலையிடி, பெருமூச்சு, கைகால் உளைவு என்றுதான் வருவார்கள். 'மனவடு' (உளக்காயம்) போன்ற புதிய கலைச்சொற்கள் பயிற்சிப் பட்டறைகளில் பரவின. ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர் வாயில் இன்றும் வருவது 'ஏலா'தான்.

மருத்துவ உலகும் சோர்வுக்கு ஒரு சொல் வைத்திருக்கிறது. வேலையால் எரிந்து ஓய்ந்துபோவதைக் குறிக்கும் 'பர்ன்அவுட்' என்ற அந்தச் சொல்லை மருத்துவ எழுத்துக்குள் கொண்டுவந்தவர் நியூயார்க்கின் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், 1974இல். இலவச மருத்துவ நிலையத்தில் உழைத்த தன்னார்வலர்களைப் பார்த்து அவர் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் அது நோயாக அல்ல, தொழில்சார் நிகழ்வாக இடம்பெறுகிறது. அதற்கு மூன்று கூறுகள்: சக்தி வற்றுதல், வேலைமீது கசப்பு, செய்திறன் குறைதல். மட்டக்களப்பார் முறையே களைப்பு, வெறுப்பு, ஏலாமை என்பார்கள். ஒரே வேறுபாடு, அந்தப் பட்டியல் இதைத் தொழிலுக்கு மட்டும் உரியது என்று வரையறுக்கிறது. வளைகுடாவில் வீட்டு வேலை செய்து திரும்பிய பெண்ணுக்கோ நுண்கடன் தவணையை எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பத் தலைவிக்கோ தொழில் எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது?

அரசாங்கத் தமிழும் இந்தச் சோர்வுச் சொற்களின் குடும்பத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது. இலங்கையில் பணி ஓய்வு பெறுவது 'இளைப்பாறுதல்'. ஊரில் 'இளைப்பாறிய அதிபர்' என்பது மரியாதைப் பட்டம். மூச்சு வாங்கிய இளைப்பு ஆறுவது என்ற பழம்பொருள் அதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. விவசாயிகளுக்கான ஓய்வூதியத் திட்டம் 1987இலும் மீனவர்களுக்கானது 1990இலும் வந்தன. ஆனாலும் தோணியையும் வலையையும் விட்ட முதியவரைப் பற்றிப் பேசும்போது, அவர் இளைப்பாறினார் என்று வாவிக்கரையில் சொல்வது அரிது. 'இப்ப அவருக்கு ஏலா' என்பார்கள்.